பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனை அருகே குடியேற்றச் சோதனை: கட்டுப்பாடு ஏன் தேவைப்படுகிறது?

ஹைதராபாத்: தொற்றுநோய் பரவும் காலத்தில் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட ஒருவர் மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சி வீட்டிலேயே முடங்கினால், பாதிப்பு அவரோடு நின்றுவிடுவதில்லை. அவரது குடும்பத்தினரும், அண்டை வீட்டாரும், அவர் வேலை பார்க்கும் இடத்தில் இருப்பவர்களும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். அந்த அச்சத்துக்கு நோய் அன்றி, கைது நடவடிக்கை காரணமாக இருந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்பதே கொரோனா காலத்தில் பல நாடுகளில் எழுந்த கேள்வி.

பாலாப்பூரில் எழுந்த கேள்வி

ஹைதராபாத்தின் புறநகரான பாலாப்பூர் பகுதியில் மியான்மரில் இருந்து வந்த ரோஹிங்யா அகதிகள் முகாம்களில் வசித்து வருகின்றனர். மியான்மரின் 1982ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது.

2020 பிப்ரவரியில், சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் தவறான தகவல் அளித்து ஆதார் பெற்றுள்ளனர் என்ற காவல்துறை அறிக்கையின் அடிப்படையில், ஆதார் ஆணையத்தின் ஹைதராபாத் மண்டல அலுவலகம் 127 பேருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அடுத்த மாதமே நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது.

இதைத் தொடர்ந்து 2020 ஏப்ரல் 17 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஹைதராபாத் முகாம்களில் வசிக்கும் ரோஹிங்யாக்கள் ஹரியானாவின் மேவாத்தில் நடைபெற்ற தப்லீக் ஜமாத் கூட்டத்தில் பங்கேற்றதாகவும், டெல்லி நிஜாமுதீனுக்குச் சென்றதாகவும் அதில் குறிப்பிடப்பட்டது. அவர்களையும் அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களையும் கண்டறிந்து கொரோனா பரிசோதனை செய்ய வேண்டும் எனவும் கேட்டுக்கொள்ளப்பட்டது.

நோய்த் தடுப்பு நோக்கில் இது அவசியமான நடவடிக்கை. ஆனால், ஆவணங்களைச் சரிபார்க்கும் அமைச்சகமே பரிசோதனைக்கும் ஆட்களைத் தேடும்போது, வாசலில் நிற்பவர் சுகாதாரப் பணியாளரா, காவலரா என்ற ஐயம் எழுவது இயல்பு.

அமெரிக்கா பின்பற்றிய வழி

அமெரிக்காவில் பள்ளிகள், மருத்துவமனைகள், வழிபாட்டுத் தலங்கள் ஆகியவற்றில் குடியேற்றக் கைதுகளைத் தவிர்க்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2011 அக்டோபரில் வெளியிடப்பட்டது. கொரோனா பரவத் தொடங்கியதும், மிக அசாதாரணமான சூழல் தவிர மற்ற நேரங்களில் மருத்துவமனைகளிலோ அவற்றின் அருகிலோ கைது நடவடிக்கை இருக்காது என்று 2020 மார்ச் 18 அன்று குடியேற்ற அமலாக்க அமைப்பு அறிவித்தது. 2021 பிப்ரவரியில் தடுப்பூசி மையங்களுக்கும் இத்தகைய உறுதி அளிக்கப்பட்டது.

எனினும், இவை சட்டமாக இயற்றப்படாத நிர்வாக உத்தரவுகள். 2025 ஜனவரியில் டிரம்ப் நிர்வாகம் பொறுப்பேற்றவுடன் இந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

போர்ச்சுகல் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. வசிப்பிட அனுமதி கோரி விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களை 2020 ஜூலை 1 வரை சட்டபூர்வக் குடியிருப்பாளர்களாகக் கருதி, அவர்கள் பொது மருத்துவ சேவையைப் பெற வழிசெய்தது.

மலேசியா தரும் பாடம்

வாக்குறுதி மாறினால் என்ன நேரும் என்பதற்கு மலேசியா உதாரணம். ஆவணமற்ற வெளிநாட்டவர்கள் அச்சமின்றிப் பரிசோதனைக்கு வரலாம் என 2020 மார்ச்சில் அந்நாட்டு அரசு கேட்டுக்கொண்டது. ஆனால் மே 1 அன்று, தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில், கடும் கட்டுப்பாட்டில் இருந்த குடியிருப்புகளின் அருகே அதிகாரிகள் சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றனர். அதே மாதத்தில் புக்கிட் ஜாலில் உள்ளிட்ட குடியேற்றத் தடுப்பு முகாம்களுக்குள் கொரோனா தொற்றுக் குழுமங்கள் கண்டறியப்பட்டன.

இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. மருத்துவமனைகளைக் குடியேற்ற நடவடிக்கையில் இருந்து விலக்கும் தனிச் சட்டமும் இங்கு இல்லை. ஆயினும் பெருந்தொற்றின்போது சில தளர்வுகள் வழங்கப்பட்டன. அசாம் தடுப்பு மையங்களில் 2 ஆண்டுகளை நிறைவு செய்தவர்களை நிபந்தனைகளுடன் விடுவிக்கலாம் என 2020 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிணைத் தொகையும் ரூ.1 லட்சத்தில் இருந்து ரூ.5 ஆயிரமாகக் குறைக்கப்பட்டது.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, அடையாள ஆவணம் இல்லாதவர்களுக்கான வழிமுறையை 2021 மே மாதத்தில் மத்திய அரசு வெளியிட்டது. அதற்கு முன்பாக, 2021 மார்ச்சில் ஜம்முவில் ஆவணச் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்ட 150க்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் ஹீராநகர் தடுப்பு மையத்துக்கு அனுப்பப்பட்டனர். இது தொடர்பான வழக்கில் 2021 ஏப்ரல் 8 அன்று அவர்களை விடுவிக்க மறுத்த உச்ச நீதிமன்றம், உரிய சட்ட நடைமுறையைப் பின்பற்றாமல் நாடு கடத்தக் கூடாது எனக் கூறியது. சமத்துவத்துக்கும் வாழ்வுரிமைக்கும் உரிய அரசியல் சாசனப் பிரிவுகளான 14, 21 ஆகியவை குடிமக்கள் அல்லாதோருக்கும் பொருந்தும் என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

2025 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், தங்கி சிகிச்சை பெறும் வெளிநாட்டவர் குறித்த விவரங்களை மருத்துவமனைகள் பதிவு அதிகாரிக்கு அளிக்க வேண்டும் எனக் கூறுகிறது. கல்வி நிறுவனங்களுக்கும் இதேபோன்ற கடமை உண்டு.

இரு தரப்பு வாதங்கள்

நாட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதை அறிவது அரசின் உரிமை என்றும், தேசப் பாதுகாப்பில் விதிவிலக்கு கூடாது என்றும் ஒரு தரப்பு கூறுகிறது. சிகிச்சை விவரங்களும் குடியேற்ற விவரங்களும் தனித்தனியே இருந்தால்தான் நோயாளிகள் முன்வருவார்கள் என்பது மறுதரப்பின் வாதம்.

சோதனையைச் சில மாதங்கள் ஒத்திவைத்தால் பின்னர் நடத்திக்கொள்ள முடியும். ஆனால் பரிசோதனைக்கு வராத ஒருவரிடமிருந்து பரவிய தொற்றைத் திரும்பப் பெற முடியாது. அடுத்த பெருந்தொற்று வரும்போது பாலாப்பூர் போன்ற முகாம்களில் இதே கேள்வி மீண்டும் எழும். அதற்கான விதிமுறையை முன்கூட்டியே வகுப்பது, முகாமுக்கு வெளியே வாழும் நகர மக்களின் பாதுகாப்புக்கும் அவசியமாகிறது.