உறங்கும் யந்திரங்களும் இருண்ட கிராமங்களும்

மின்சாரப் பஞ்சம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விளக்கேற்றும் வேளையில் வீடு, கடை, ஆலை அனைத்தும் ஒருங்கே மின்சாரத்தைக் கேட்கின்றன. நெருக்கடியெல்லாம் அந்தச் சில மணி நேரமே. அதற்கென்றே பெரும்பொருள் செலவிட்டு ஒரு மின்சார நிலையம் நிறுவினால், எஞ்சிய நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும். மறுபுறமோ, மின்தடைக்கு அஞ்சி ஆலைக்காரர்கள் வாங்கி வைத்த டீசல் யந்திரங்கள் ஆண்டில் பெரும்பாகம் உறங்குகின்றன. தேசத்தின் முதல் இவ்வாறு வீணே முடங்கிக் கிடக்கலாமா?

2006-ஆம் ஆண்டில் புனா நகரம் இதற்கு ஒரு விடை கண்டது. மகாராஷ்டிரம் மின்வெட்டினால் தவித்த காலம் அது. நகரத்தின் குறை ஏறக்குறைய 90 மெகாவாட். நெருக்கடி வேளையில் ஆலைகள் தம் சொந்த யந்திரங்களை ஓட்டிக்கொள்வதென்றும், அவை விட்டுக்கொடுக்கும் மின்சாரத்தை நகரத்தாருக்கு அளிப்பதென்றும் தொழிலதிபர்கள் யோசனை கூறினர். டீசலுக்கு ஆகும் அதிகச் செலவை நகரத்தார் தனிக் கட்டணமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். சிறிதளவே உபயோகிக்கும் குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. மாநில மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன் இதற்கு அனுமதி தந்தது. நகரம் மின்வெட்டினின்று விடுபட்டது.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை நாம் மெச்சுகிறோம். ஆயினும், புனாவின் வீதிகளில் விளக்கெரிந்த அதே நாட்களில் மகாராஷ்டிரத்துக் கிராமங்கள் பல மணி நேரம் இருளில் கிடந்தன என்பதை மறக்கலாகாது. நகரத்தார் கிராமத்தாரின் பங்கைப் பறிக்கவில்லை. தம் குறையைத் தம் பொருளாலேயே தீர்த்துக்கொண்டனர். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். சர்க்காரின் செவியில் ஏறும் குரல் நகரத்தாரின் குரலே. அவர்கள் குறை தீர்ந்து மௌனமாகிவிட்டால், நீர் இறைக்க நள்ளிரவில் மின்சாரத்துக்குக் காத்திருக்கும் விவசாயிக்காகப் பரிந்து பேசுவோர் யார்?

டீசலோ பெரும்பாலும் அந்நிய நாட்டிலிருந்து வரும் கச்சா எண்ணெயில் பிறப்பது. அதன் புகை ஆலையைச் சுற்றிலும் வாழும் ஏழைகளின் நெஞ்சில் படிவது. ஆகவே இம்முறை ஆபத்துக்கு உதவும் மருந்தேயன்றி, நித்திய உணவு ஆகாது. பகலில் சூரிய சக்தியைச் சேமித்து மாலையில் அளிக்கும் பாட்டரிகள் பெருகிவரும் இந்நாளில், அந்த வேலையை அவற்றிடம் ஒப்புவிப்பதே விவேகம்.

அதுவரையில் உறங்கும் யந்திரங்கள் விழித்து உழைக்கட்டும். ஆனால் அவற்றின் செலவுக் கணக்கு ஜனங்களுக்குத் தெரியவேண்டும். மிச்சமாகும் மின்சாரத்தில் கிராமத்துக்கும் ஒரு பங்கு சேரவேண்டும். பொதுநலத் தொண்டர்கள் இவ்விரண்டையும் வற்புறுத்துவார்களாக. கிராமம் இருண்டிருக்க நகரம் மட்டும் ஒளிர்வது தேசத்தின் ஒளியாகாது.