கடையில் 12, வீட்டில் 19

பினாங்கு ஜார்ஜ்டவுனில் குளுகுளுவென்று ஏசி ஓடும் ஒரு கடை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நீல விளக்கு. மரத்தட்டுகளில் பன்னிரண்டு புட்டிகள் படுத்திருக்கின்றன. முகப்பில் 12 டிகிரி என்று எண் ஒளிர்கிறது. விலை படிகிறது. லாரியில் ஏறிய வைன் குளிர்ப்பெட்டி மலையைச் சுற்றிக்கொண்டு பாலிக் புலாவ் வந்து, ஏசி இல்லாத சமையலறையின் மூலையில் உட்காருகிறது. பிற்பகல் 3 மணிக்கு முகப்பைப் பார்த்தால் 19. மறுநாள் அதே நேரத்தில் பார்த்தாலும் 19.

ஆளும் கடையும் கற்பனை, கணக்கு கற்பனையில்லை. இந்தப் பெட்டி பழுதாகவும் இல்லை. எந்தச் சூட்டுக்காகச் செய்தார்களோ அந்தச் சூட்டில் அதை வைக்கவில்லை, அவ்வளவுதான். வாங்குகிறவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் விற்கிறவர் சொல்லாமல் விட்ட ஒரு தகவலும் சேர்ந்தால், ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி மூலையில் முடங்கிவிடும்.

வைன் குளிர்ப்பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று கம்ப்ரசர் உள்ளது. வீட்டில் இருக்கும் ஐஸ்பெட்டிக்குத் தம்பி. இன்னொன்றுக்குக் கம்ப்ரசரே கிடையாது. இரு வேறு உலோகங்கள் சேருமிடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்று 1834இல் பிரெஞ்சுக்காரர் பெல்டியே கண்டறிந்த வித்தையில் அது ஓடுகிறது. சத்தமும் அதிர்வும் மிகக் குறைவு, விலையும் குறைவு. புட்டிக்கு அதிர்வு ஆகாது என்பதால் கடைக்காரர்கள் இதைத்தான் முதலில் புகழ்வார்கள். அதற்குள்ள குறை ஒன்றே ஒன்று: அறையின் வெப்பத்திலிருந்து இத்தனை டிகிரி இறக்க முடியும் என்ற கணக்கில்தான் அது குளிரும். சிறிய பெட்டிகளில் அந்த இறக்கம் பெரும்பாலும் 12 முதல் 20 டிகிரிக்குள். 24 டிகிரி உள்ள கடையில் 12ஐ எளிதாகத் தொட்டுவிடும். 33 டிகிரி சமையலறையில் 14 டிகிரி இறக்கினாலும் 19தான் கிடைக்கும்.

எட்டாத இலக்கைத் துரத்தும் பெட்டி நிற்காமலும் ஓடும். 70 வாட் பெட்டி ஒன்று 24 மணி நேரமும் ஓய்வின்றி ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 50 யூனிட். மின்கட்டணமும் கட்டி, வெதுவெதுப்பான வைனும் குடிக்க வேண்டும்.

இந்தத் தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிடும் ஒரு தகடு பெட்டியின் முதுகிலோ உள்சுவரிலோ ஒட்டப்பட்டிருக்கும். வோல்ட், வாட், வரிசை எண் ஆகியவற்றோடு, பெட்டி எந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்றது என்ற குறியீடும் அதில் இருக்கும். 'என்' என்றால் 16 முதல் 32 டிகிரி வரையுள்ள அறைக்கு. 'எஸ்என்' என்றால் 10 முதல் 32. 'எஸ்டி' 38 வரை தாங்கும். வெப்பமண்டலத்தைச் சொல்லும் ட்ராப்பிக்கல் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து மட்டும் தனியாக இருந்தால் 43 வரை. பகல் வெப்பம் 31, 32 என்று சாதாரணமாகவே நிற்கும் பினாங்கில், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் பெட்டிக்குக் கடைசி இரண்டு வகையே பொருந்தும். புட்டிகளின் எண்ணிக்கையையும் கதவின் அழகையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தனித்து நிற்கும் பெட்டி, அலமாரிக்குள் பொருத்தும் பெட்டி என்ற வேறுபாடும் வெறும் அழகு சம்பந்தப்பட்டதல்ல. அலமாரிக்குள் பொருத்துவதற்கென்று செய்தவை அடிப்பாகத்தின் முன்பக்கமாகச் சூட்டை வெளியே தள்ளும். தனித்து நிற்பவை முதுகு வழியாகவும் பக்கவாட்டிலும் மூச்சு விடுகின்றன. அத்தகைய பெட்டியைக் கொண்டுபோய் அலமாரிக்குள் செருகிவிட்டு 'கச்சிதமாகப் பொருந்திவிட்டது' என்று மகிழ்ந்தால், வெளியேறிய சூடு திரும்பவும் பெட்டிக்குள்ளேயே புகும். கம்ப்ரசரின் ஆயுள் குறையும். கையேடு சொல்லும் இடைவெளியைச் சுற்றிலும் விட்டே ஆக வேண்டும். பிற்பகல் வெயில் விழும் மேற்குச் சன்னல் ஓரமும் வேண்டாம்.

உண்மையில் இந்தப் பெட்டி எத்தனை வீடுகளுக்குத் தேவை? சனிக்கிழமை வாங்கிய புட்டி ஞாயிற்றுக்கிழமை காலியாகும் வீட்டுக்குத் தேவையே இல்லை. சாதாரண ஐஸ்பெட்டி போதும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பவருக்குத்தான் 12, 13 டிகிரியில் ஏறாமல் இறங்காமல் நிற்கும் இடம் வேண்டும். வெப்பநிலை கூடிக் குறைந்தால் தக்கை தளர்ந்து காற்று நுழையும், வைன் கெடும். கப்பலேறி வந்த திராட்சை மது தமிழருக்குப் புதிதல்ல. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியனுக்குப் பொற்கலத்தில் ஊற்றித் தருவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது அந்த மது வந்த மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அந்த வெயிலில் எப்படிக் காத்தார்களோ! மண் சாடிக்கு உத்தரவாத அட்டை மட்டும் இருந்திருக்காது.

மது அருந்தாத வீடுகளுக்கும் இந்தப் பெட்டி பரிசாக வந்துவிடுகிறது. சாக்லேட், பானம் வைக்கலாம்; தவறில்லை. ஆனால் பால், மீன், இறைச்சி கூடாது. இந்தப் பெட்டிகளில் பல 5 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. கிருமிக்கு 12 டிகிரி வசதியான இருப்பிடம். இன்னும் முக்கியமானது இன்சுலின். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். 'இதுவும் ஐஸ்பெட்டிதானே' என்று பாட்டியின் மருந்தை வைன் பெட்டிக்கு மாற்றுவது ஆபத்து. டுரியான் பருவத்தில் மிஞ்சிய சுளைகளையும் உள்ளே வைக்க வேண்டாம். அந்த மணம் பெட்டியை விட்டு எளிதில் போகாது.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

2019 ஜூன் மாதம் சென்னையை அடுத்த தாம்பரத்தில், இரவில் குளிர்ப்பெட்டியில் ஏற்பட்ட மின்கசிவால் வீடு முழுக்கப் புகை சூழ்ந்து, ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரும் அவருடைய மனைவியும் தாயாரும் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2022 நவம்பரில் ஊரப்பாக்கத்தில், வெளிநாட்டிலிருந்து வந்து பூட்டிக் கிடந்த வீட்டில் தங்கிய குடும்பத்தில் மூவர் அதேபோல் மாண்டார்கள். அங்கும் குளிர்ப்பெட்டி வெடித்துக் கிளம்பிய புகைதான். லண்டனில் 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்களைக் கொண்டுபோன கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ, நான்காம் மாடியில் ஒரு சமையலறைக் குளிர்ப்பெட்டியில் தொடங்கியது என்று அரசு விசாரணை முடிவு சொன்னது. மூன்றிலும் வைன் பெட்டி இல்லை. ஆனால் கம்ப்ரசர் வகை வைன் பெட்டிக்கும் கம்ப்ரசரும் வயரும் அதே மாதிரிதான். தூங்குகிறவரைத் தீ நெருங்கும் முன்பே புகை கொன்றுவிடுகிறது. கதவடைத்து ஏசி போட்டுப் படுக்கும் அறைக்குள் அழகுக்காக இந்தப் பெட்டியை வைப்பது நல்ல யோசனை அல்ல.

கம்ப்ரசர் உள்ள இன்றைய சிறு பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது ஐசோபியூட்டேன், அதாவது தீப்பிடிக்கக்கூடிய வாயு. அளவு சிறிதுதான். ஆனாலும் ஐஸ் கட்டியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பதும், முதுகுக் குழாயை நெருக்கி நசுக்குவதும் கூடாது. லாரியில் சாய்ந்து வந்த பெட்டியை நிமிர்த்திச் சில மணி நேரம் சும்மா விட்டு, பிறகு மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மலேசியாவில் பெரிய ஆபத்து பிளக்கில் இருக்கிறது. இணையத்தில் மலிவாக வாங்கும் பெட்டி சில சமயம் இரண்டு முனை பிளக்கோடு வந்து இறங்கும். சுவரில் மூன்று ஓட்டை. மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறந்து இரண்டு முனையைத் திணிக்கும் கைப்பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. அந்த பிளக்கில் பியூஸ் இல்லை, எர்த் இணைப்பும் இல்லை. ஈரக் கையோடு தொடும் உலோகக் கதவில் மின்சாரம் ஏறினால், அதைத் தரைக்கு அனுப்ப வழியே கிடையாது. ஐஸ்பெட்டி, மின்விசிறி, சோற்றுப்பானை, பிளக் போன்ற வீட்டு மின்சாதனங்கள் மின்சார ஆணையத்தின் (சுருஹான்ஜாயா தெனாகா) அங்கீகாரம் பெற்று விற்கப்பட வேண்டும்; சிரிம் ஒட்டுவில்லை அதற்கு அடையாளம். அந்த வில்லையும் மூன்று முனை பிளக்கும் இல்லாத பெட்டியை வாங்காமல் விடுவதே மலிவு.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அப்படி வெள்ளம் நுழைந்த வீட்டில் தரையில் நிற்கும் கம்ப்ரசர் முதலில் நனையும். 'காய்ந்துவிட்டதே' என்று தாமாகவே மின்சாரம் கொடுக்காமல், மின் வல்லுநர் சோதித்த பிறகு போடுவதுதான் முறை.

சரி, வாங்கியாகிவிட்டது, ஏமாந்தும் ஆகிவிட்டது. பிறகு?

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இங்கே பேசுகிறது. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், பாதுகாப்பாகவும் நியாயமான காலம் உழைப்பதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு. 33ஆம் பிரிவு இந்தக் கட்டுரையின் பெட்டிக்காகவே எழுதியதுபோல இருக்கும்: எந்தத் தேவைக்கு வாங்குகிறோம் என்று வாங்குபவர் தெரிவித்திருந்தால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும். ஆகவே வாங்கும் முன் கடைக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: 'ஏசி இல்லாத சமையலறையில் வைக்கப்போகிறேன். பிற்பகலில் 12 டிகிரி நிற்குமா?' 'நிற்கும் அண்ணே' என்று வரும் பதில் பிற்பாடு சாட்சியாகும். உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பும் நியாயமான காலம் கிடைக்க வேண்டும் என்பது 37ஆம் பிரிவு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்துவிட்டதால் இந்த உரிமைகள் மறைந்துவிடாது. சட்டம் தந்த உத்தரவாதத்தை ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்று 6ஆம் பிரிவு தடுத்து வைத்திருக்கிறது. ஆனால் காட்சிக்கு வைத்திருந்த பெட்டி, இந்த இடத்தில் கீறல் என்று முன்பே காட்டி விலை குறைத்துத் தந்திருந்தால், அந்தக் கீறலுக்காகப் பிறகு சண்டை போட முடியாது.

'கம்ப்ரசருக்குப் பத்தாண்டு உத்தரவாதம்' என்ற பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். பெரும்பாலும் பாகம் மட்டும்தான் இலவசம். கூலி, போக்குவரத்து, வாயு நிரப்பும் செலவு எல்லாம் வாங்கியவர் தலையில். மின்னல் தாக்கிய சேதத்தை உத்தரவாதத்திலிருந்து கழற்றிவிடுவதும் வழக்கம். இடி இல்லாத மாதமே இல்லாத மலையடிவாரத்தில் அந்த ஒரு வரி பெரிய வரி.

முதலில் கடையிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: சரிசெய், மாற்று, அல்லது பணத்தைத் திருப்பு. நியாயமான காலத்துக்குள் கடை அசையாவிட்டால், வெளியே பழுதுபார்த்து அந்தச் செலவைக் கேட்கவும், பொருளையே நிராகரிக்கவும் சட்டம் இடம் தருகிறது. நிராகரிப்பதற்கும் கால எல்லை உண்டு. ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவிட்டு 'வேண்டாம்' என்றால் எடுபடாது. அதன் பிறகு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்த அதன் வரம்பு 2019இலிருந்து 50,000 வெள்ளி. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. கடைக்காரரும் வாங்கியவரும் நேருக்கு நேர் உட்காருகிறார்கள். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத கடைக்காரர் குற்றவாளியாகி, 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ அனுபவிக்க நேரும். பிரச்சினை எழுந்து மூன்றாண்டு கடந்தால் மனு செல்லாது. உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் இந்த மன்றம் ஏற்றதல்ல, அவற்றுக்கு நீதிமன்றம்தான். அதே சட்டத்தின் பத்தாம் பாகம் பழுதான பொருளைச் செய்தவரையே பொறுப்பாளியாக்குகிறது.

படிவம் நிரப்பத் தயங்குகிறவர்களுக்குப் பினாங்கைவிட நல்ல ஊர் கிடையாது. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019இல் மறையும்வரை அவர் தலைமையில் நாட்டையே கேள்வி கேட்க வைத்தது. தமிழிலும் எழுதியது, பேசியது. உலகப் பயனீட்டாளர் அமைப்பின் வட்டார அலுவலகமும் ஒரு காலத்தில் பினாங்குக்கே வந்தது. மார்ச் 15ஐ உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாக்க வேண்டும் என்று முன்மொழிந்த அன்வார் ஃபசாலும் பினாங்கில் பணியாற்றியவர்தான். மதுவை எதிர்த்துப் பிரசாரம் செய்த சங்கத்திடம் வைன் பெட்டிப் புகாரோடு போவதா என்று கூச்சம் வரலாம். புகார் பெட்டியைப் பற்றியது, மதுவைப் பற்றியதல்ல.

போகும்போது கையில் ரசீது இருக்க வேண்டும். கடைகள் தரும் வெப்பத்தாள் ரசீது இந்த ஊர்ச் சூட்டில் சில மாதத்திலேயே வெளுத்து வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதைப் படம் பிடித்து வையுங்கள். பெட்டியின் முதுகில் உள்ள தகட்டையும் சேர்த்து.