பழுதானது இயந்திரமா, அதன் ஒரு பாகமா?

கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில், காரைக்காலில் உள்ள என் வீட்டுப் பட்டறையில் பூஜையறைக் கதவு ஒன்றுக்கான செதுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. தேக்குப் பலகையில் அன்னப்பறவையின் கழுத்து வரை ஒழுங்காக இறங்கிவந்த வெட்டுமுனை, அடுத்த வரியில் இரண்டு மில்லிமீட்டர் விலகி இறங்கியது. சற்று நேரத்தில் இயந்திரமே நின்றுவிட்டது. தை மாதப் புதுமனை புகுவிழாவுக்கு ஒப்புக்கொண்ட கதவு அது. முன்பணமும் வாங்கியாகிவிட்டது.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், தந்தையின் தச்சுப் பட்டறையை மீண்டும் திறந்தவன் நான். 2012-இல் வாங்கிய, மேசை அளவுள்ள சிஎன்சி செதுக்கு இயந்திரம்தான் அதன் உயிர்நாடி. கணினியில் வரைந்த உருவத்தை மரத்தில் செதுக்கித் தரும் கருவி அது. நுண்வேலையை உளிகொண்டு முடிப்பவர்கள் என் தம்பி மகனும் இன்னோர் இளைஞரும். இயந்திரம் நின்றால் அவர்கள் கூலியும் நின்றுபோகும்.

விற்ற நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். “அது பழைய மாடல் சார். அந்த போர்டு இப்போது வருவதில்லை. புதிதாக வாங்கிவிடுங்கள்” என்றார்கள். ஆளனுப்பிப் பார்க்கச் சொன்னால், காரைக்காலுக்கு வருவதில்லை என்றார்கள். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்ததுதான். ஆனால், புதுச்சேரி நகரிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு இடையே கிடக்கிறது. விற்பனைப் பட்டியலில் நாங்கள் புதுச்சேரி. சேவைப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா? தையல் இயந்திரம், மாவரைக்கும் கிரைண்டர், நீரேற்றும் மோட்டார் என எதை நம்பிப் பிழைப்பவருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும். நான் கண்ட விடையைச் சொல்கிறேன்.

மூன்று வயதுகள்

இயந்திரம் ஒன்று என்று நினைப்பதில்தான் முதல் பிழை. என்னுடையதில் மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. முதலாவது, இரும்பு. சட்டகமும் வழித்தண்டுகளும் துரு அண்டாமல் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். இரண்டாவது, தேயும் பாகங்கள். பேரிங், திருகுத்தண்டின் நட்டு, வெட்டுமுனை சுழலும் ஸ்பிண்டில் ஆகியவை தேய்வதற்கென்றே உள்ளவை. மாட்டுவண்டிக்கு மசகும் கடையாணியும் போல, இவற்றை மாற்றுவது பராமரிப்பின் பகுதி. மூன்றாவது, மூளை. மின்வழங்கி, மோட்டார்களை இயக்கும் டிரைவர்கள், கட்டுப்பாட்டு அட்டை, கணினி, மென்பொருள். மூன்றில் இதற்குத்தான் ஆயுள் குறைவு.

மூளையின் மரணம் பல வேளைகளில் தேய்மானத்தால் நேர்வதும் இல்லை. என் இயந்திரம் பழைய கணினிகளில் இருந்த பிரிண்டர் போர்ட் வழியே விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கியது. 2014 ஏப்ரல் 8-உடன் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. புதிய கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லை. இரும்பு திடமாக இருக்க, எங்கோ எடுக்கப்பட்ட ஒரு வணிக முடிவால் என் இயந்திரம் கிழடாகிவிட்டது.

கடலோரத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நுண்ணிய மரத்தூள் ஈரத்தை இழுக்கும். அதோடு உப்புக்காற்று சேர்ந்தால் மின்அட்டையின்மேல் மெல்லிய மின்கசிவுப் பாதை உருவாகும். செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது என் கண்ணில் பட்டது அதுதான்.

நோய்நாடும் முறை

பெட்டியைத் திறக்கும் முன்பே நான் ஒரு தவறு செய்திருந்தேன். வரி விலகியதும் ஸ்பிண்டில்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அதன் பேரிங்குகளை மாற்றினேன். பணமும் மூன்று நாள்களும் வீணாயின. பழுதை அறியாமல் பாகத்தை மாற்றுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

பிறகு முறையாகத் தொடங்கினேன். இயந்திரம் ஓடும் நிலையில் இருந்தால் முதல் சோதனை எளியது. ஒரு வீண்பலகையில் வட்டம் ஒன்றைச் செதுக்க வேண்டும். வட்டத்தின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு புள்ளிகளில் தட்டையாகவோ சிறு படிபோலவோ தெரிந்தால், திருகுத்தண்டிலோ நட்டிலோ தளர்வு இருக்கிறது என்று பொருள். திசை திரும்பும் இடத்தில்தான் அந்தத் தளர்வு வெளிப்படும். ஸ்பிண்டிலை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். மணல் அரைபடுவதுபோல் உறுத்தினால் பேரிங் போய்விட்டது.

வரி விலகலுக்கு வேறொரு சோதனை. மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திய பிறகு, இரண்டு அச்சுகளின் மோட்டார் கம்பிகளை இடம் மாற்றி மாட்ட வேண்டும். பழுது பழைய மோட்டாரோடு சென்றால் குற்றம் மோட்டாரிலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. அடுத்த மோட்டாரைப் பிடித்துக்கொண்டால் டிரைவரில் இருக்கிறது. மின்சாரம் ஓடும்போது இந்தக் கம்பிகளைக் கழற்றினால் நல்ல டிரைவரும் எரிந்துபோகும் என்பதை மறக்கக் கூடாது. முழுதும் நின்றுபோன என் இயந்திரத்தில் அளவுமானி கொண்டே பார்க்க முடிந்தது. மோட்டார் சுருள்கள் மூன்றும் நலம். மின்வழங்கியும் கட்டுப்பாட்டு அட்டையும் செத்திருந்தன. டிரைவர்கள் களிம்பேறிக் கிடந்தன.

பாதி விலை என்னும் கணக்கு

பழுதுச் செலவு புதிய பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கிவிடு என்று ஒரு நடைமுறை விதி உண்டு. மின்விசிறிக்கு இது சரி. தொழிற்கருவிக்குப் போதாது. புதிய இயந்திரத்தின் விலையோடு கடன் வட்டி, புதிய மென்பொருளைப் பழகும் நாள்கள், பழைய வடிவங்களை மாற்றி எழுதும் உழைப்பு எல்லாம் சேரும். பழுதுபார்க்கும் பக்கத்தில், வேலை நிற்கும் நாள்களின் கூலி இழப்பும், அதே பழுது திரும்பும் வாய்ப்பும் சேரும். இரண்டு பக்கத்தையும் நேர்மையாக எழுதிப் பார்த்தால்தான் கணக்கு துலங்கும்.

என் கணக்கில், இரும்பையும் மோட்டார்களையும் வைத்துக்கொண்டு மூளையை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. ஜிஆர்பிஎல் என்ற திறந்தநிலை மென்பொருள் இருக்கிறது. சிறிய ஆர்டுயினோ அட்டையிலேயே மூன்று அச்சு இயந்திரத்தை ஓட்டும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அட்டை, டிரைவர்கள், மின்வழங்கி, கம்பிகள், தூசு புகாத பெட்டி அனைத்தும் சேர்த்து, புதிய இயந்திர விலையில் எட்டில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பாகங்கள் வந்துசேர ஒரு வாரம், பொருத்திச் சரிபார்க்க நான்கு நாள்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த வடிவங்களும் பிழைத்தன. அவை ஜி-கோட் என்னும் பொதுவான கட்டளை மொழியில், வெறும் எழுத்துக் கோப்புகளாக இருந்ததே காரணம். பக்கத்து ஊர் நண்பர் ஒருவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவரும் பழைய இயந்திரத்தைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டுக் கடனில் புதிது வாங்கினார். சூரியப் பலகைக்கென அவர் வரைந்து வைத்திருந்த பூவேலைகள், பழைய நிறுவனத்தின் பூட்டிய கோப்பு வடிவில் இருந்தன. புதிய மென்பொருளில் அவை திறக்கவே இல்லை. மாதத் தவணை ஒருபுறம்; தன் கைவேலையையே மறுபடி வரையும் துயரம் மறுபுறம்.

எப்போது கைவிட வேண்டும்?

பழையது எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டகம் முறுகிவிட்டால், வழித்தண்டுகளில் துரு குழி விழுந்துவிட்டால், உடலில் மின்கசிவு இருந்து அதைச் சரிசெய்ய வழியில்லாவிட்டால் விடைகொடுப்பதே அறிவு. நம் வேலையின் அளவு இயந்திரத்தை மீறி வளர்ந்துவிட்டாலும் அப்படியே. அப்போதும் மோட்டார்களைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். மின்னணுப் பாகங்களைக் குப்பையில் எறியக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், மின்கருவிகளையும் உள்ளடக்கியவை.

உடலை வைத்துக்கொண்டு உறுப்பை மாற்றுவது நமக்குப் புதிதன்று. எங்கள் அண்டை ஊரான திருவாரூரின் ஆழித்தேருக்கு, திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியது. தேரை நிறுத்துவது கடினமாக இருக்கிறது என்பதற்காகத் தேரையே விறகாக்க யாரும் நினைக்கவில்லை. மாற்ற வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்ற தெளிவு அங்கே இருந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது?

என்னால் மீள முடிந்ததற்கு என் திறமை காரணம் அன்று. என் இயந்திரத்தில் பூட்டு இல்லை. பாகங்களும் வரைபடங்களும் உரிமையாளருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே உலகெங்கும் பேசப்படும் பழுதுபார்க்கும் உரிமை. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்ஸ், 2021 ஜனவரி முதல் கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி போன்றவற்றுக்குப் பத்துக்கு இத்தனை என்று பழுதுநீக்க மதிப்பெண் அச்சிடச் செய்தது. கழற்றுவது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பவை அதன் அளவுகோல்கள்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. உதிரிபாகங்களை வெளிச்சந்தைக்குத் தராமல் கட்டுப்படுத்தியதற்காக 14 கார் நிறுவனங்கள்மீது 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது; வழக்கு பின்னர் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் முன்னுரிமை பெற்றன. தச்சர், தையல்காரர், அச்சகத்தார் போன்றோரின் சிறு தொழிற்கருவிகளுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை.

அவர்களை வெளியே நிறுத்த நியாயமும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் வழியே வாழ்வாதாரம் தேடுவதற்கு மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரையும் நுகர்வோராகவே ஏற்கிறது. 2023-இல் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டம், தச்சர் உள்ளிட்ட 18 தொழிலாளர் பிரிவினருக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் வரையும், பிணையில்லாக் கடனாக 3 லட்சம் வரையும் தருகிறது. வாங்குவதற்குத் தோள்கொடுக்கும் அரசு, வாங்கியது நீடிக்கவும் வழிசெய்ய வேண்டும். இத்தனை ஆண்டுக்கு உதிரிபாகம் கிடைக்கும் என்ற உறுதிமொழியும் மின்இணைப்பு வரைபடமும் இல்லாத இயந்திரம், அரசு உதவியில் விற்கப்படக் கூடாது.

சட்டம் வரும்வரை நம் கையில் இருப்பது கேள்வி. வாங்கும் நாளிலேயே கேளுங்கள்: பேரிங்கும் டிரைவரும் சாதாரணக் கடையில் கிடைக்கும் வகையா? வேறு மென்பொருளில் இது ஓடுமா? என் வடிவங்களைப் பொதுவான கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? பழுதானால் என் ஊருக்கு வருவீர்களா? இயந்திரத்தின் ஆயுள் பெரும்பாலும் அன்றைக்கே எழுதப்பட்டுவிடுகிறது.

அந்தப் பூஜையறைக் கதவு தை பிறக்கும் முன்பே வீடு போய்ச் சேர்ந்தது. விலகிச் சென்ற அந்த ஒரு வரியை, பூவிதழாக மாற்றி உளியால் செதுக்கிச் சரிசெய்தான் என் தம்பி மகன். பலகையையும் நாங்கள் மாற்றவில்லை.