விடுபட்ட கட்டம்

பசறை, நமுனுகுல, ஹப்புத்தளை எனப் பரந்துகிடக்கும் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில், ஒரு பெண் நாள் முழுதும் பறித்த கொழுந்து தராசேறி இறங்கிய பின், செக்ரோல் என்னும் பேரேட்டில் ஓர் எண்ணாக மட்டுமே எஞ்சுகின்றது. அவ்வெண் குறித்த அளவை எட்டினால் முழுப்பேர், எட்டாவிடில் அரைப்பேர். கணக்கப்பிள்ளையின் பேனா செய்த இவ்வேலையை இன்று கணினி செய்யுமிடங்களில், மாத முடிவில் சம்பள அறிக்கையைக் கேட்டதும், "புலம் காணப்படவில்லை" என்னும் வாசகம் திரையில் தோன்றி, வேலை முழுவதையும் நிறுத்திவிடுவதுண்டு.

புலம் என்பது அட்டவணையின் ஒரு கட்டவரிசை. அதற்கொரு தலைப்பு உண்டு. அறிக்கை தயாரிக்கும் மென்பொருள் அத்தலைப்பைச் சொல்லியே விவரத்தைத் தேடுகிறது. 'கிலோ' என்றிருந்த தலைப்பை எவரேனும் 'கொழுந்து கிலோ' என மாற்றினால் கணக்கப்பிள்ளை புரிந்துகொள்வார். கணினிக்கோ ஊகம் என்பது கிடையாது. தலைப்பின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும், அப்படியொரு புலமே இல்லையென்று அது கைவிரித்துவிடும்.

புலமே இல்லாதிருப்பது வேறு. புலம் இருந்து கட்டம் வெறுமையாயிருப்பது வேறு. முன்னதற்குத் தலைப்பைச் சரிசெய்தால் போதும். பின்னதில்தான் ஆபத்து உள்ளது. பிழைச்செய்தியை எப்படியாவது அடக்கிவிட வேண்டுமென்னும் அவசரத்தில், வெறுங்கட்டங்களில் பூச்சியத்தை இட்டு நிரப்புவோர் உண்டு. அறிக்கையும் தடையின்றி வந்துவிடும். ஆனால் வெறுங்கட்டம் 'நிறை பதியப்படவில்லை' என்றது. பூச்சியமோ 'அவள் ஒன்றும் பறிக்கவில்லை' என்கிறது. முழுப்பேர் பெற்றிருக்க வேண்டியவளின் கூலி அங்கே குறைந்துபோகிறது. பிழையைக் காட்டிக்கொடுத்த செய்தியும் மறைந்துவிடுகிறது.

வெறுங்கட்டத்தின் கொடுமை மலையகத்துக்குப் புதிதன்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன, பெரும்பாலானவை ஏற்கப்படவில்லை. லயத்திலே பிறந்து, பிறப்புப் பதியப்படாதவர் எந்தத் தாளைக் காட்டுவார்? எஞ்சிய நாடற்றோர்க்கு வழிசெய்த சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே வந்தது.

இக்காலத்தில் அடிக்கடி இடறும் கட்டம் தேசிய அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்பட்டவற்றில் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. பிறந்த ஆண்டு இரண்டு இலக்கத்திலிருந்து நான்காயிற்று; தொடரெண்ணிலும் ஓரிலக்கம் கூடிற்று. பத்து இடங்களே ஒதுக்கப்பட்ட பழைய புலத்தில் புதிய இலக்கம் அடங்காது. ஒரே தொழிலாளியின் பெயர் ஒரு பட்டியலில் பழைய இலக்கத்துடனும் மற்றொன்றில் புதியதுடனும் நின்றால், மென்பொருள் அவரை இருவராகக் கொள்ளும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு எட்டும் தொழில்தருநர் பன்னிரண்டும் செலுத்திவந்த பணத்தை, ஓய்வுபெறும் நாளில் கேட்கும்போதுதான் இப்பிளவு வெளிப்படும்.

ஆகவே பிழை கண்டவிடத்து, செய்தி எந்தப் புலத்தின் பெயரைச் சொல்கிறதென்பதை எழுத்தெழுத்தாக வாசித்தல் வேண்டும். அதன்பின் அறிக்கையிலிருந்து அதற்கு விவரம் தரும் அட்டவணைக்கும், அங்கிருந்து மூலப் பதிவுக்கும் பின்னோக்கிச் செல்லவேண்டும். கடைசியாகத் தலைப்பை மாற்றியவர் யாரென விசாரித்தால் பாதி வேலை முடிந்துவிடும். கட்டம் உண்மையிலேயே வெறுமையாயின், அதை வெறுமையாகவே விட்டுக் குறியிட்டு, அன்றைய நிறுவைக் குறிப்பையும், கொழுந்து நிறுத்த கங்காணியையும், கூடை சுமந்து வந்த பெண்ணையும் கேட்டபின் நிரப்பலாம். பிரட்டுக்களத்தில் மறுநாட் காலை அவர்கள் எல்லோரும் இருப்பார்கள்.