வறள்நிலத் தோட்டத்தில் ஆவரை

பூந்தோட்டம் அமைத்தல் மனத்துக்கு இன்பந் தரும் கலை என்பதை மறுப்பார் இலர். ஆயின், எந்நிலத்தில் எச்செடியை வளர்ப்பது என்னும் வினா அழகு பற்றியது மாத்திரமன்று, நீர் பற்றியதுமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நாம் இதனைப் பிறரினும் நன்கு உணர்தல் வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடிக் கோடையில் வற்றிவிடுவதே. ஆண்டுக்கு ஏறத்தாழ 1250 மில்லிமீற்றர் மழை பெய்யினும், அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள குறுகிய காலத்திற் பெய்து முடிந்துவிடுகின்றது.

அம்மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலின் இவ்வாறு நிற்றல் கூடுகின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தோர் கொள்கை. இதன் மறுதலையே நாம் அஞ்சத்தக்கது. நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலையில் நிற்குமாயின், கீழிருந்து உவர்நீர் 40 அடி வரை மேலெழ வழி பிறக்கின்றது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதர் உடல்வலிமையே இறைப்புக்கு எல்லையாயிருந்தது. இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை. உழவுக்கு இறைப்பதனோடு ஒப்பிடுமிடத்துப் பூந்தோட்டத்துக்கு வார்ப்பது சிறிதேயெனினும், குரோட்டனுக்கும் ரோசாவுக்கும் புற்றரைக்கும் கோடை முழுவதும் நாடோறும் வார்க்கும் நீர், நாம் குடிக்கும் அதே கிணற்றினின்றும் எடுக்கப்படுவதாம்.

அங்ஙனமாயின் கோடையிற் பூவே வேண்டாவோ எனின், வேண்டும். நீரை மிகுதியாக வேண்டாத பூ நம் நிலத்திலேயே உண்டு. அதுவே ஆவரை.

ஆவரை நமக்குப் புதியதன்று. ஆவிரை என்னும் பெயரால் குறிஞ்சிப்பாட்டின் மலர்வரிசையில் அஃது இடம்பெறுகின்றது. மடலேறத் துணிந்த தலைவன் ஆவிரை மாலை சூடுதல் சங்க இலக்கிய வழக்கு. தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களிலும், இலங்கையில் மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை முதலிய உலர்ந்த கரையோரங்களிலும் இயற்கையாக வளர்வது. சிங்களமக்கள் இதனை ‘ரணவரா’ என்பர். இதன் பூவையும் இலையையும் உலர்த்திக் குடிநீராக்கிப் பருகுவர். தாவரநூலார் இலின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குக் ‘காசியா ஆரிக்குலாற்றா’ என்று பெயரிட்டார். இக்காலத்தார் ‘சென்னா ஆரிக்குலாற்றா’ என்பர். ‘ஆரிக்குலாற்றா’ என்னும் இலத்தீன் சொல் காதுடையது எனப் பொருள்படும். இலைக்காம்பின் அடியில் காதுமடல்போல அகன்று நிற்கும் இலையடிச்செதில்களே அப்பெயருக்குக் காரணம். பொன்னாவரை முதலிய இனச்செடிகளினின்றும் ஆவரையைப் பிரித்தறிவதற்கு இச்செதில்களும், கடதாசிபோல மெலிந்து தட்டையான காய்களும் தக்க அடையாளங்களாம்.

இச்செடி வறட்சியைத் தாங்குவது எவ்வாறு? முதலாவது, இதன் ஆணிவேர் ஆழச் செல்வது. மேன்மண் காய்ந்தபின்னும் கீழ்மண்ணின் ஈரத்தைப் பெறவல்லது. இரண்டாவது, இலை சிறு சிறு சிற்றிலைகளாகப் பகுக்கப்பட்டிருத்தலின் வெயிலில் மிகையாகச் சூடேறுவதில்லை. மூன்றாவது, வறட்சி மிகுமிடத்து இலைகளிற் சிலவற்றை உதிர்த்து, நீர்ச்செலவைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இனி வளர்க்கும் முறையைக் கூறுவாம். காட்டிலுள்ள செடியைப் பெயர்த்து வந்து நடுதல் பயன்படாது. ஆணிவேர் அறுந்து செடி பெரும்பாலும் பட்டுவிடும். முற்றி உலர்ந்த காய்களிலிருந்து விதை எடுத்தலே நன்று. விதையின் தோல் மிகக் கடினமானது. நீர் எளிதில் உட்புகாது. ஆகலின், கொதித்து இறக்கிய நீரைச் சிறிது ஆறவிட்டு, அதில் விதைகளை இட்டு ஓரிரவு ஊறவிடல் வேண்டும். மறுநாட் காலையிற் பருத்திருப்பவை நடுதற்குரியவை. பருக்காதவற்றை மீண்டும் அவ்வாறே ஊறவைக்கலாம்.

புரட்டாதிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ, மாரிமழையை எதிர்நோக்கி, செடி நிற்கவேண்டிய இடத்திலேயே அரை அங்குல ஆழத்தில் விதைத்தல் சிறந்தது. பைகளில் நாற்றாக்க விரும்புவோர் ஆழமான பைகளைக் கொண்டு, வேர் அடியைத் தொட்டு வளைவதற்கு முன் நடுதல் வேண்டும். நாள் முழுவதும் வெயில் படும் இடமும், நீர் தேங்காத மண்ணும் இன்றியமையாதன. வலிகாமத்துச் செம்மண்ணும் கரையோர மணலும் ஏற்றவை. மாரியில் வெள்ளம் நிற்கும் களிமண்ணாயின், ஓரடி உயரத்துக்கு மண்மேடு கட்டி அதன்மேல் விதைத்தல் தகும். செடிக்குச் செடி 4 அல்லது 5 அடி இடைவெளி விடல் வேண்டும். சிறிதளவு மட்கிய குழையெரு போதும். எரு மிகின் இலை மிகும், பூக் குறையும்.

முதற்கோடை ஒன்றே நாம் துணைநிற்க வேண்டிய காலம். அக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை, வேர்வரை இறங்குமாறு நிறைய வார்த்தல் வேண்டும். நாடோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பின் வேர் கீழ்நோக்கிச் செல்லாது மேன்மண்ணிலேயே தங்கிவிடும். அத்தகைய செடி நீர் நின்றவுடன் வாடும். அடியைச் சுற்றிச் சருகு பரப்புதல் ஈரத்தைக் காக்கும். இரண்டாம் கோடையிற் கடுமையாக வாடினாலன்றி வார்க்கவேண்டியதில்லை. பின்னர் மழையே போதும். இதற்கு நேருங் கேடு பெரும்பாலும் நீர்க் குறைவினாலன்று, நீர் மிகையினாலேயே என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

பெரும்பாலும் இரண்டாம் ஆண்டளவிற் பூக்கத் தொடங்கும். இளமையில் நுனியைக் கிள்ளிவிடின் செடி கிளைத்துப் பரவும்; ஆண்டுதோறும் மாரிக்கு முன் சிறிது கத்தரித்துவிடின் வேலியோரத்துக்கு அழகிய நிரையாக அமையும்.

பூவின் அமைப்பு மாணாக்கர் உற்றுநோக்கத்தக்கது. ஆவரைப்பூவில் தேன் இல்லை. வண்டு நாடி வருவது மகரந்தத்தையே. மகரந்தப்பையோ நுனியிலுள்ள சிறு துளைகளால் மட்டும் திறப்பது. கரிய பெருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு தன் பறப்புத் தசைகளை விரைந்து அதிரச்செய்ய, அவ்வதிர்வினால் மகரந்தம் துளைவழியே சிந்துகின்றது. பூவருகே கேட்கும் உரத்த ரீங்காரம் இத்தொழிலின் ஓசையே. இலைகளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் சில உண்ணுதலும் உண்டு. அதற்கெனப் பூச்சிகொல்லி தெளித்தல் வேண்டா. செடி மீண்டும் தளிர்க்கும், வண்டுகளும் பிழைக்கும்.

முன்னோர் இதனைப் பயன்படுத்திய முறைகள் பல. இதன் பட்டை துவர்ப்புச்சத்து மிக்கதாதலின் தென்னிந்தியாவில் நெடுங்காலம் தோல் பதனிடப் பயன்பட்டது. இலை தழையுரமாயிற்று. ஆவரை பூத்திருக்கச் சாவாரைக் காண்டல் அரிது என்னும் கருத்துடைய பழமொழியும் எழுந்தது. அதனை மருத்துவ உறுதியாகக் கொள்ளாது, அச்செடியிடத்து மக்கள் வைத்த மதிப்புக்குச் சான்றாகக் கொள்ளலே அமைவுடையது.

பாடசாலைத் தோட்டங்களில் இதனைச் சோதித்தல் எளிது. ஒரு பாத்தியில் ஆவரையும், அதே அளவுள்ள மற்றொரு பாத்தியில் வழக்கமான அழகுச்செடிகளும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வார்த்த வாளிகளை மாணாக்கர் இரண்டு ஆண்டுகள் குறித்து வருவாராக. இரண்டாம் ஆண்டிறுதியில் அவ்விரு கணக்குக்களையும் கூட்டிப் பார்ப்பின், தங்கள் வீட்டு வளவில் எதனை நடுதல் வேண்டும் என்பதை அவர்கள் தாமே துணிவர். அத்துணிவு வீடுதோறும் பரவுமாயின், நம் கிணறுகளின் நன்னீர் வருந் தலைமுறைக்கும் எஞ்சி நிற்கும்.