போட்டோவைச் சுற்றி வைக்கும் ‘மவுண்ட்’ அழகுக்கு மட்டும்தானா?

2015 பெருவெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று புளியந்தோப்பு போன்ற வடசென்னையின் தாழ்வான பகுதிகளுக்கு மழைத் தண்ணீர் புதிதல்ல. தண்ணீர் எட்டாத உயரத்தில் மாட்டிய போட்டோவையும் சுவர் ஈரமும் கடல் காற்றும் விடுவதில்லை. தாத்தாவின் ஒரே கறுப்பு வெள்ளைப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். நெகட்டிவ் எங்கே போய்த் தேடுவது? இதைத் தடுக்கிற வேலையைத்தான் ஃபிரேமுக்குள் இருக்கும் ‘மவுண்ட்’ அட்டை செய்கிறது.

எப்படித் தடுக்கிறது?

பழைய போட்டோ பிரிண்ட்டின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் உப்பி, பசை மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் அட்டையை மேலே வைத்தால், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுமார் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்.

ஓரத்தைச் சரிவாக வெட்டுவது ஏன்?

நேராக வெட்டினால் ஓரத்தின் நிழல் படத்தில் விழும். பிளேடை 45 டிகிரி சாய்த்து வெட்டுவதுதான் ‘பெவல்’. அட்டையின் உள்பகுதி மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்து, கண்ணைப் படத்துக்குள் இழுக்கும். வேலை சுத்தமா என்பதை மூலையில் பாருங்கள்: கத்தி தாண்டிப் போன கீறலோ பிசிறோ இருக்கக் கூடாது.

இரண்டு நிற அட்டைகளை அடுக்கி, உள் அட்டை 5 மில்லிமீட்டர் மட்டும் தெரிய வைத்தால் ‘டபுள் மவுண்ட்’. கண்ணாடியிலிருந்து படம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும் என்பது கூடுதல் லாபம். கீழ் ஓரத்தைச் சற்று அகலமாக விடுவதும் வழக்கம். நான்கு பக்கமும் ஒரே அளவு என்றால் படம் கீழே இறங்கின மாதிரி தோன்றும்.

எல்லா அட்டையும் ஒன்றா?

இல்லை. மலிவான மரக்கூழ் அட்டையில் லிக்னின் இருக்கும். நாளாக ஆக அது அமிலத்தை உண்டாக்கி, ஜன்னல் ஓரத்தை ஒட்டிப் படத்தில் பழுப்புக் கோடு போட்டுவிடும். அந்தக் கறை எளிதில் போகாது. வெள்ளையாக இருந்த பெவல் ஓரம் மஞ்சளாகிறதா? அதுதான் முதல் எச்சரிக்கை.

ஃபிரேம் கடையில் என்ன கேட்பது?

• “ஆசிட் ஃப்ரீ போர்டு போடுங்க. பின்னாடி வைக்கிற அட்டையும் அதுவே இருக்கட்டும்.”

• “படத்தை முழுசா ஒட்டாதீங்க.” மேல் ஓரத்தில் இரண்டு இடங்களில் காகிதப் பட்டையில் தொங்கவிட்டால் போதும். செல்லோ டேப், டபுள் சைடு டேப் வேண்டாம்.

• “ஃபிரேமுக்குப் பின்னால் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் வைங்க.” சுவருக்கும் ஃபிரேமுக்கும் இடையே காற்று போகும்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதா?

காய்ந்துபோய் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து பிரதி எடுத்துவிடுங்கள். வெள்ளத்தில் நனைந்த ஃபிரேம் என்றால், ஈரம் காய்வதற்குள் படத்தை மெதுவாக வெளியே எடுங்கள், காயவிட்டால் ஒட்டிவிடும். ஒரே பிரதிதான் இருக்கிறதா? சுவரில் நகலை மாட்டுங்கள், அசலை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.