கேக்குக்கு ஏது பூரிக்கட்டை?

நம்ம வாரப் பத்திரிகை ஜோக்குகளில் பூரிக்கட்டைக்கு ஒரே ஒரு வேலைதான். லேட்டாக வீடு திரும்பும் புருஷனின் மண்டை! எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு, கையில் பூரிக்கட்டையோடு எங்க அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... கார்ட்டூன் போடுகிறவர்கள் எதையும் மிகைப்படுத்தவில்லை சார்!

குற்றம் என் மேல்தான். ஆபீஸில் வாய் சும்மா இருக்கவில்லை. மேனேஜர் தன் பேத்தியின் முதல் பிறந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்ததும், "எங்க அக்கா கேக் செய்றாங்க சார், அசத்திடுவாங்க" என்று எடுத்து விட்டேன். அவரும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். மழமழவென்று வெள்ளை வெளேர் கேக். ஒரு சுருக்கம் கிடையாது, சலவைக்கல் மாதிரி. "இதே மாதிரி வேணும்பா. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு."

அக்கா அதுவரை க்ரீம் கேக்தான் செய்திருக்கிறாள். மாமா லேத் ஆபரேட்டராக இருந்த அம்பத்தூர் கம்பெனியை மூடிவிட்டார்கள். எட்டு மாசமாக வீட்டில் ஓடுவது என் சம்பளமும் அக்காவின் அவனும்தான். அதனால் படத்தைப் பார்த்து வயிறு கலங்கினாலும் "சரி" என்று சொல்லிவிட்டாள்.

அந்த மழமழ சமாசாரத்துக்குப் பெயர் ஃபாண்டன்ட். ஐசிங் சர்க்கரை, ஜெலட்டின் அல்லது அதற்குப் பதிலாக ஒரு பசை, குளுக்கோஸ் சிரப், கொஞ்சம் கிளிசரின் எல்லாம் சேர்த்துப் பிசைந்த சர்க்கரை மாவு. இதைச் சப்பாத்தி மாதிரி பெரிசாகத் தேய்த்து, கேக்கின் மேல் போர்வையாகப் போர்த்தி, கையால் நீவி விட வேண்டும். அக்கா ஒன்றரை கிலோ வாங்கி வைத்திருந்தாள். 'சப்பாத்தி மாதிரிதானே' என்று நினைத்ததுதான் வினை.

சமையல் மேடையில் ஐசிங் சர்க்கரையைத் தூவி, பாதி மாவை வைத்து, வீட்டுப் பூரிக்கட்டையால் தேய்த்தாள். நடு மெலிந்தது, ஓரம் தடித்தது. கட்டையின் முனை பட்ட இடமெல்லாம் சைக்கிள் டயர் போன மாதிரி கோடு. தூவின சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொண்டு கிரானைட்டோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்தால், அங்கங்கே மஞ்சள் புள்ளி. மோந்து பார்த்தேன். பூண்டு! முந்தாநாள் மசாலா சப்பாத்தி. அப்போதுதான் அந்தப் பார்வை.

சும்மா கோணலாகப் போன ஃபாண்டன்டை மறுபடி பிசைந்து உருட்டிவிடலாம். பூண்டு வாசனையும் மஞ்சளும் ஏறினதை என்ன செய்வது? முக்கால் கிலோ குப்பைக்குப் போனது. மிச்சம் முக்கால் கிலோ. ஒரே ஒரு சான்ஸ்.

இந்த இடத்தில் மாமா எழுந்து வந்தார். வேலை போனதிலிருந்து டி.வி.யை வெறித்துக்கொண்டிருக்கும் மனுஷன். ஒன்றும் பேசாமல் பீரோவிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்துக் கட்டையை அளந்தார்.

"நடுவுல 41 மி.மீ., ஓரத்துல 32. இது கட்டை இல்லடா, மீனு!"

சத்தியமான வார்த்தை. நம்ம ஊர்ப் பூரிக்கட்டை பெரும்பாலும் நடுவில் பெருத்து முனையில் ஒல்லியாக இருக்கும். சப்பாத்தி தானாகச் சுற்றி வட்டமாக வர அதுதான் வசதி. ஃபாண்டன்டுக்கு அதுவே எமன். அதற்கு முனையிலிருந்து முனை வரை ஒரே கனமுள்ள உருளை வேண்டும். மரத்தில் இன்னொரு வம்பு: ரேகை. சப்பாத்தியில் தெரியாது, வெள்ளைச் சர்க்கரையில் பளிச்சென்று பதியும். எண்ணெயையும் வாசனையையும் குடித்து வைத்துக்கொள்வது உபரி. நன்றாக இழைத்த மரக்கட்டையை ஃபாண்டன்டுக்கென்றே தனியாக வைத்துக்கொண்டால் தப்பில்லை. மசாலா வீட்டில் அது நடக்கிற காரியமா?

அடுத்து நீளம். மாமா காகிதத்தில் கணக்குப் போட்டார். கேக்கின் குறுக்களவு 8 இன்ச். உயரம் 4. இரண்டு பக்கமும் இறங்க வேண்டுமே, ஆக 8, 4, 4... 16. வெட்டிவிட ஓரத்துக்கு ஓர் இன்ச் வீதம், 18. கட்டை இதைவிட நீளமாக இருந்தால்தான் அதன் முனை மாவின் மேல் ஏறாது, டயர் கோடு விழாது. "20 இன்ச் வாங்கிட்டு வா" என்றார், ஏதோ கம்பெனி ஸ்டோரில் இன்டென்ட் போடுவது போல.

சனிக்கிழமை காலை. ஆபீஸுக்கு அரை நாள் லீவு. பாரிமுனையில் பேக்கிங் சாமான் விற்கும் ஒரு கடையில் நின்றேன். என்னைச் சுற்றிப் பத்துப் பெண்கள். மேலிருந்து தொங்கும் முப்பது வகைக் கட்டைகள். பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு தடுமாற மாட்டேன்.

கடைக்காரப் பெரியவர் பொறுமைசாலி. "சலவைக்கல் கட்டை கனமா இருக்கும் தம்பி, குளிர்ச்சியும்கூட. ஆனா பெரும்பாலும் நீளம் பத்தாது. ரப்பர் மாதிரி இருக்கே, அது சிலிகான். ஒட்டாது, ஆனா தூசியை எல்லாம் இழுத்துக்கும். இந்த வெள்ளை பிளாஸ்டிக் கட்டையை எடுத்துக்கோங்க. ஒட்டாது, ரேகை இல்ல, கழுவினா போச்சு."

பாத்திரக்கடைக் கைப்பிடி போட்ட கட்டை வேண்டாமா என்றேன். கைப்பிடி இருந்தால் அழுத்தம் மணிக்கட்டில் போய்விடும், வழுவழுவென்ற உருளையானால் உள்ளங்கையாலேயே கனம் புரியும் என்றார். 650 ரூபாய். கூடவே, வட்டமாக இன்ச் அளவு கோடு போட்ட பெரிய சிலிகான் ஷீட் ஒன்று.

ஷீட் எதற்கு, கிரானைட் இருக்கிறதே என்று நானும் கேட்டேன். கிரானைட் நல்ல தளம்தான். சமதளம், ஆடாது, குளிர்ச்சி. ஆனால் நம்ம வீட்டு மேடையில் இரண்டு கல் சேரும் ஒட்டு ஒன்று இருக்கும். அந்தக் கோடு அப்படியே கேக்கில் வரும். பக்கத்தில் காஸ் அடுப்பு, அந்தச் சூடு கல்லில் ஏறியிருக்கும். துடைத்த ஈரமும் லேசாக நிற்கும். ஷீட்டில் இந்தத் தொல்லை இல்லை. தேய்த்த மாவை ஷீட்டோடு தூக்கிக் கேக்கின் மேல் கவிழ்த்துவிடலாம். 18 இன்ச் மாவைக் கையால் தூக்கிப் பாருங்கள், தெரியும். சப்பாத்திப் பலகையோ 10 இன்ச்தான், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

மத்தியானம் இரண்டு மணி. சென்னை வெயிலும் புழுக்கமும் ஃபாண்டன்டுக்கு ஜென்ம விரோதி. ஈரக்காற்றில் பிசுபிசுக்கும். சரி, ஃபேனைப் போடலாம் என்றால் மேல் பக்கம் காய்ந்து யானைத்தோல் மாதிரி வெடிக்கும். எனவே வீட்டில் ஏ.சி. உள்ள ஒரே இடமான பெட்ரூமுக்கு, மாமா ஆடாத மேஜையொன்றை இழுத்துப் போட்டார். நான் சிவப்பு பனியனோடு உள்ளே நுழைந்தேன். "போய் வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாடா! உன் பனியன் நூல் ஒண்ணு விழுந்தா போதும்" என்று அக்கா விரட்டினாள்.

மாமா இரண்டு தட்டைக் கம்பிகளைத் துடைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி எடுத்து வந்தார். இரண்டும் சரியாக 3 மி.மீ. கனம். மாவின் இரு பக்கமும் தண்டவாளம் மாதிரி வைத்தார். கட்டையின் இரண்டு முனையும் கம்பிகள் மேல் உருளும். மாவு 3 மி.மீ.க்குக் கீழே மெலியவே முடியாது. இதற்கென்றே கட்டையின் முனையில் மாட்டும் வளையங்கள் கடையில் உண்டாம். எங்களுக்கு மாமா போதும்.

இந்த முறை ஐசிங் சர்க்கரை இல்லை, மெல்லிய துணியில் கட்டிய சோளமாவு. லேசாகத் தட்டினால் போதும். அதிகமானால் அதுவே மாவைக் காய வைக்கும். அக்கா மாவை நன்றாகப் பிசைந்து இளக்கி, நடுவிலிருந்து வெளியே தேய்த்தாள். இரண்டு தேய்ப்புக்கு ஒரு முறை கால் வட்டம் திருப்பினாள். காற்றுக் குமிழி தெரிந்த இடத்தில் ஊசியால் ஒரு குத்து. மூன்று பேரும் மூச்சு விடவில்லை. தூக்கிக் கவிழ்த்து, மேலேயிருந்து கீழே நீவினாள். பொருந்தியது!

பின்பக்க ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. மாமாதான் வெட்டி எடுத்த மிச்சத்தில் ஒரு பட்டாம்பூச்சி வெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு அதன் மேல் ஒட்டினார். ஃபிரிட்ஜில் வைக்கவில்லை. வெளியே எடுத்ததும் வியர்த்துக் கொட்டுமே! டாக்ஸி பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். எனக்குக் கால் உதறல்.

"கேக் நல்லா இருந்துச்சுப்பா. அதிலும் பின்னாடி யாரும் பார்க்காத இடத்துல ஒரே ஒரு பட்டாம்பூச்சி வச்சாங்க பாரு, அதுதான் கலை! அடுத்த மாசம் என் மச்சினி வீட்டுல விசேஷம். ரெண்டு அடுக்கு வேணுமாம். பட்டாம்பூச்சி கட்டாயம்."

வீட்டில் சொன்னேன். மாமா வெர்னியரைத் தேடப் போனார், கீழ் அடுக்கு 10 இன்ச் என்றால் கட்டை 20 இன்ச் பத்தாதாம். அக்கா பழைய பூரிக்கட்டையைக் கழுவி ஆணியில் மாட்டினாள்.

"இது எதுக்குக்கா இனிமே?"

"இன்னொரு தடவை என்னைக் கேக்காம ஆர்டர் எடு, சொல்றேன்!"